வறண்ட நிலத்து மரங்களின் நீர்க்கணக்கு

மரம் வேரால் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேற்பட்டது அதன் உடலில் தங்குவதே இல்லை. வளர்ச்சியின்போது திசுக்களில் சேர்வது மிகச் சிறு பங்கு. சூரிய ஒளியின் துணையால் மாவுப்பொருளை ஆக்கும் ஒளிச்சேர்க்கையில் செலவாவது நூற்றில் ஒரு பங்கு அளவே. எஞ்சியது அனைத்தும் இலைகளின் வழியே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. மழை வளமுள்ள நாட்டில் இது ஒரு வியப்பான செய்தி என்ற அளவில் நின்றுவிடும். ஆண்டில் ஏழெட்டு மாதம் மழையின்றிக் காயும் நிலத்திலோ இதுவே மரத்தின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கிறது. வறட்சியைத் தாங்கும் மரம் என்றதும் குறைவாக நீர் எடுக்கும் மரம் என்று பொருள்கொள்வது பொது வழக்கம். அது பாதி உண்மைதான். வறண்ட நிலங்களில் செழித்து நிற்கும் மரங்களுள் தாராளமாக நீரைச் செலவிடுபவை உண்டு. செலவை இறுக்கிப் பிடித்ததனாலேயே பட்டுப்போனவையும் உண்டு. எவ்வளவு நீர் என்று கேட்பதைக் காட்டிலும், எங்கிருந்து எடுக்கிறது, எந்தப் பருவத்தில் எடுக்கிறது, அதை மேலே கொண்டுவர எத்தகைய இழுவிசையைத் தாங்குகிறது என்று கேட்டால்தான் இம்மரங்களின் போக்கு விளங்கும்.

இத்தனை நீரை மரம் ஏன் இழக்கிறது என்பதற்கு விடை இலையின் அமைப்பில் இருக்கிறது. இலையின் மேற்பரப்பு நீர் கசியாத மெழுகுப்படலத்தால் மூடப்பட்டிருந்தாலும், காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே எடுக்க அதில் இலைத்துளைகள் எனப்படும் நுண்ணிய வாயில்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு வாயிலின் இருபுறமும் காப்புச் செல்கள் என்ற இரண்டு செல்கள் இருந்து, நீர் நிறைந்து விறைக்கும்போது வாயிலைத் திறந்தும், தளரும்போது மூடியும் அதை ஆள்கின்றன. வாயில் திறந்தால் கரியமில வாயு உள்ளே வருகிறது. அதே வழியில் இலையினுள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. காற்றில் கரியமில வாயு மிக அரிதாகவும், இலையின் உட்புறம் ஏறத்தாழ முழு ஈரப்பதத்துடனும் இருப்பதால், பெரும்பாலான மரங்கள் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பெறுவதற்குச் சில நூறு நீர் மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீராவிப்போக்கு என்று தாவரவியல் குறிப்பிடும் இந்த இழப்பை அறவே நிறுத்தினால் உணவாக்கமும் நின்றுவிடும்.

ஆயினும் இந்த இழப்பே நீரை உச்சிக்கு ஏற்றும் விசையாகவும் இருக்கிறது. வேரிலோ தண்டிலோ நீரை மேலே தள்ளும் உயிருள்ள உறுப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் நம்பினர். செருமானியத் தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1891-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. உயர்ந்த ஓக் மரம் ஒன்றை அடியில் அறுத்து, உயிர்ச்செல்களைக் கொல்லும் பிக்ரிக் அமிலக் கரைசலில் அவர் நிறுத்தியபோது, கரைசல் வழியிலிருந்த உயிர்ச்செல்களைக் கொன்றுகொண்டே மேலேறியது. இலைகள் இறந்த பின்னரே ஏற்றம் நின்றது. 1894-இல் டப்ளின் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் இதற்கு விளக்கம் தந்தனர். இலைச் செல்களின் சுவர்களிலிருந்து நீர் ஆவியாகும்போது, அவ்விடத்து நுண்ணிய இடுக்குகளில் எஞ்சும் நீர்ப்படலம் உள்வளைந்து, பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொள்ளும் இயல்பினவாதலால், அந்த இழுப்பு இலையிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து வேர் நுனிக்கும், அங்கிருந்து மண்ணிலுள்ள ஈரத்துக்கும் அறுபடாமல் சென்று சேர்கிறது. நீர் செல்லும் சைலம் என்ற திசுவின் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. அவற்றினுள் உயிர் இல்லாமையே நீருக்குத் தடையற்ற வழியைத் தருகிறது. கூட்டிணைவு இழுவிசைக் கோட்பாடு எனப்படும் இவ்விளக்கத்தின்படி, மரம் தன் ஆற்றலைச் செலவிட்டு நீரை ஏற்றுவதில்லை. சூரிய வெப்பமும் காற்றின் வறட்சியுமே அதை ஏற்றுகின்றன.

இழுவிசையின் அளவைக் குறிக்க மெகாபாஸ்கல் என்ற அலகு பயன்படுகிறது; ஒரு மெகாபாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஈரமான மண்ணிலிருந்து நீரைப் பெறச் சிறு இழுப்புப் போதும். மண் காயக் காய, எஞ்சிய ஈரம் மண்துகள்களோடு மேன்மேலும் இறுகப் பற்றிக்கொள்வதால், அதைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் விசை கூடிக்கொண்டே போகிறது. பெரும்பாலான பயிர்கள் 1.5 மெகாபாஸ்கல் அளவில் வாடி, பிறகு மீளாத நிலையை அடைகின்றன. மறுமுனையில், பாதி ஈரப்பதமுள்ள வெப்பமான காற்று நீரை இழுக்கும் வலிமை 90 மெகாபாஸ்கலையும் தாண்டுகிறது. மண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள இந்தப் பெரும் வேறுபாட்டின் நடுவில் மரம் நிற்கிறது. அதன் குழாய்களிலுள்ள உண்மையான இழுவிசையை வயலிலேயே அளந்தறியும் எளிய முறையை 1965-இல் பெர் ஸ்கோலாண்டரும் அவருடைய துணைவர்களும் புகழ்பெறச் செய்தனர். வெட்டிய கிளையின் அறுத்த முனை மட்டும் வெளியே தெரியுமாறு அதை எஃகுக் கலத்தில் அடைத்து, கலத்தினுள் வாயுவின் அழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அறுத்த முனையில் நீர் அரும்பும். அந்த அழுத்தமே மரத்தினுள் இருந்த இழுவிசையின் அளவு. கடல்நீரில் வேரூன்றிய அலையாத்தி மரங்களும் பாலைவனப் புதர்களும் பயிர்களால் கனவிலும் தாங்க முடியாத இழுவிசையை நாள்தோறும் தாங்குகின்றன என்பது அதனால் வெளிப்பட்டது.

இவ்வளவு இழுவிசையில் ஓர் அபாயமும் உள்ளது. இழுபட்டு நிற்கும் நீர்த்தாரை ஏதேனும் ஓரிடத்தில் அறுந்தால், அந்தக் குழாயில் காற்றுக் குமிழி புகுந்து நிறைந்து, நீர்ப்பாதை அடைபட்டுப்போகிறது. இதனைக் காற்றடைப்பு எனலாம். மண் வறளும்போது, ஏற்கெனவே காற்று நிறைந்த குழாயிலிருந்து பக்கத்துக் குழாய்க்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்துளைச் சவ்வின் வழியே காற்று இழுபட்டுப் பரவுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தாரை அறுபடும் கணத்தில் குழாய்ச்சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வுகளைக் கருவி கொண்டு பதிவு செய்த ஆய்வை ஜான் மில்பர்னும் ஜான்சனும் 1966-இல் வெளியிட்டனர். அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்டது தமிழக மானாவாரிக் காடுகளில் எங்கும் காணப்படும் ஆமணக்குச் செடி. அகன்ற குழாய்கள் நீரை விரைவாகக் கொண்டுசெல்லும், ஆனால் அவை எளிதில் அடைபடுவதும் மிகுதி. குறுகிய குழாய்களும் தடித்த சவ்வுகளும் உறுதியானவை, ஆனால் வளர்ச்சி மந்தப்படும். வறண்ட நிலத்து மரக்கட்டை பெரும்பாலும் கனமாகவும் வைரம் பாய்ந்ததாகவும் இருப்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். இந்த வகையில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் எல்லையைத் தொட்டது மேற்கு ஆஸ்திரேலியாவின் காலிட்ரிஸ் டியூபர்குலேட்டா என்ற ஊசியிலை மரம்; அதன் நீர்கடத்தும் திறன் பாதியாகக் குறைவதற்கே 18.8 மெகாபாஸ்கல் இழுவிசை தேவைப்படுகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உறுதியான குழாய் உடைய மரம் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு செய்வது அவசரமாகும். உலகின் 81 இடங்களிலிருந்து 226 மர இனங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வொன்று, மழைக்காட்டு மரமாயினும் வறண்ட காட்டு மரமாயினும், நூற்றுக்கு எழுபது இனங்கள் தத்தம் குழாய்கள் தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்று கண்டது. தாங்கும் வலிமை கூடுதலாக உள்ள இனம் அந்த வலிமையைச் சேமித்து வைப்பதில்லை. அதற்கேற்ப அதிக இழுவிசையில் வேலை செய்து, அதிக வறட்சியான இடத்தில் குடியேறிவிடுகிறது. ஆகவே, பழகிய அளவை மீறிய வறட்சி வந்தால், பாலை மரத்துக்கும் மழைக்காட்டு மரத்துக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒன்றே.

ஆபத்தை உணர்ந்ததும் மரம் செய்யும் முதல் வேலை இலைத்துளைகளை மூடுவது. நீர்த்தட்டுப்பாட்டில் மரத்தினுள் உருவாகும் அப்சிசிக் அமிலம் என்ற இயக்குநீர் காப்புச் செல்களைத் தளரச் செய்கிறது. கோடை நண்பகலில் பல மரங்கள் இவ்வாறு வாயிலை மூடி, காலையிலும் மாலையிலும் மட்டுமே உணவாக்குகின்றன. ஆனால் எத்தனை விரைவில் மூடுவது என்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கு மேட்டுநிலங்களில் பின்யான் பைனும் ஜூனிப்பரும் அருகருகே வளர்கின்றன. பின்யான் பைன் மண் சற்று வறண்டதும் வாயிலை இறுக மூடிக்கொள்ளும். ஜூனிப்பரோ உறுதியான குழாய்களை நம்பி, கடும் இழுவிசையிலும் வாயிலைத் திறந்துவைத்து நீரைச் செலவிடும். 2002-ஐ ஒட்டிய கடும் வறட்சியில், வடக்கு நியூ மெக்சிகோவின் ஓர் ஆய்விடத்தில் பதினைந்து மாதங்கள் மண் வறண்டிருந்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பின்யான் பைன்கள் பட்டுப்போயின. ஜூனிப்பர்களில் இழப்பு மிகக் குறைவு. மாதக்கணக்கில் வாயிலை மூடிய மரம் கரியமில வாயுவைப் பெற முடியாமல் சேமித்த உணவைத் தின்று தீர்த்து, பட்டைதுளைக்கும் வண்டுகளை எதிர்க்கப் பிசின் சுரக்கவும் வலுவிழந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் முதன்மையானது. பசியா தாகமா எது மரத்தைக் கொன்றது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எனினும் சிக்கனமான மரம் மடிந்து, செலவாளியான மரம் பிழைத்தது என்பது கண்கூடு.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. தென் தமிழகக் கரிசல் ஓரங்களிலும் தேரிகளிலும் குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரத்தின் சிற்றிலைகள், காற்றோட்டத்தால் விரைவில் வெப்பத்தை இழந்துவிடுவதால், ஆவியாகும் நீரின் குளிர்ச்சியை நம்பியிராமலே தப்பிக்கின்றன. சோழமண்டலக் கரையின் கோயிற்காடுகளிலும் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் வளரும் பாலை, வீரை போன்ற மரங்கள் மற்றொரு வழியைத் தேர்ந்தன. தடித்த, தோல்போன்ற இலைகளை ஆண்டு முழுதும் வைத்திருந்து, ஆவணியில் ஒரு மழை பெய்தாலும் மாசியில் ஒரு மழை பெய்தாலும் உடனே பயன்படுத்திக்கொள்கின்றன. இருவேறு பருவக்காற்றுகளும் நிச்சயமற்று மழை தரும் நிலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

இலையை உதிர்ப்பது எல்லாவற்றிலும் எளிய சிக்கனம். ஆனால் அதன் பின் நிகழ்வதுதான் புதிரானது. வேம்பும் புங்கமும் அரசும் இலையுதிர்த்து, மழைக்குக் காத்திராமல், பங்குனி, சித்திரை வெயிலிலேயே தளிர்க்கின்றன. மண்ணின் மேற்பகுதி ஆண்டிலேயே மிகக் காய்ந்திருக்கும் காலம் அது. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே மாநிலத்து வறள்காடுகளை ஆராய்ந்த ரைக், போர்ச்சர்ட் ஆகிய இருவர் 1984-இல் இதற்கு விடை கூறினர். பழைய இலைகள் உதிர்ந்ததும் நீர் இழப்பு ஏறத்தாழ நின்றுவிடுவதால், ஆழ்வேர்கள் கொண்டுவரும் சிறிதளவு நீரும் கட்டையில் தேங்கியிருக்கும் நீரும் சேர்ந்து தண்டை மீண்டும் நிறைத்துவிடுகின்றன. தண்டு நிறைந்தால் மொட்டு விரிகிறது. பருவமழை தொடங்கும் நாளில் முழு இலைப்பரப்புடன் தயாராக நிற்கும் மரம், மழைக்குப் பின் தளிர்க்கத் தொடங்கும் மரத்தைக் காட்டிலும் பல வாரங்கள் முந்திவிடும். ஆப்பிரிக்கச் சாகேல் பகுதியின் ஃபைடெர்பியா மரம் இதை முற்றிலும் தலைகீழாக்கி, மழைக்காலத்தில் மொட்டையாகவும் வறட்சிக்காலம் முழுதும் பசுமையாகவும் நிற்கிறது. ஆழ நிலத்தடி நீர் கைக்கெட்டும் மரத்துக்கு வானத்து மழை ஒரு பொருட்டல்ல. மழைக்காலத்தில் அதன் நிழல் விழாததால், அங்குள்ள உழவர் அதை வெட்டாமல் விட்டு, அதன் அடியிலேயே கம்பு விதைக்கின்றனர்.

உடலில் நீரைத் தேக்கும் மரங்கள் என்றதும் நினைவுக்கு வருவது பாவோபாப். மன்னாரில் பெருக்கமரம் என்றும் தமிழகத்தில் ஆனைப்புளி என்றும் வழங்கும் இம்மரத்தின் பேரினம் ஆப்பிரிக்கக் கண்டத்தையும் மடகாஸ்கர் தீவையும் ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்டது. அதன் பருத்த அடிமரத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வறட்சியில் குடிப்பதற்காக அது வைத்திருக்கும் தொட்டி அதுவென்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. மடகாஸ்கரில் நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன. மழைக்குச் சற்று முன்பு புதிய இலைகளை விரிக்க அம்மரம் தண்டிலுள்ள நீரில் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறது. அப்போது தண்டின் ஈர அளவு அதிகபட்சம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைகிறது. ஆனால் அந்த இலைகளின் துளைகள் மழை வரும்வரை திறப்பதில்லை. பாவோபாபின் கட்டை மிகவும் மென்மையானது. அதன் செல்களில் நிறைந்துள்ள நீரின் விறைப்பே அந்தப் பெரும் பாரத்தைத் தாங்கி நிற்பதற்கு உதவுகிறது. தேக்கிய நீரைத் தாராளமாகக் குடித்தால் மரம் தன் பாரத்தைத் தாங்கும் வலுவை இழந்துவிடும்.

பனையின் நிலை இன்னும் தனித்தன்மையானது. மற்ற மரங்கள் கேம்பியம் என்ற வளர்படலத்தின் உதவியால் ஆண்டுதோறும் புதிய நீர்க்குழாய்களை உருவாக்கிக்கொள்கின்றன, அடைபட்டவை கைவிடப்படுகின்றன. பனைக்கும் தென்னைக்கும் அந்தப் படலம் இல்லை. இளமையில் அமைந்த குழாய்களே அவை மடியும்வரை பழுதின்றி இயங்க வேண்டும். தண்டின் மென்திசுவில் தேங்கும் நீர் பகல்நேரத் தட்டுப்பாட்டை ஈடுசெய்கிறது. இழுவிசை எல்லை மீறினால் முதலில் அடைபடுவது மட்டையின் குழாய்கள், தண்டினுடையவை அல்ல. ஒரு மட்டையை இழந்து தண்டைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. பதநீர் நிலத்தடி நீரின் நேர் வடிவம் என்று கருதுவோர் உளர். பாளையைச் சீவும்போது வடிவது, இலைகளில் உருவான சர்க்கரையைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் கொண்டுசெல்லும் புளோயம் என்ற வேறொரு திசுவின் சாறு. இனிப்பு அதனால்தான்.

வேரைப் பற்றிய அறிவு மிக மெதுவாகவே சேர்ந்தது. தோண்டாமல் பார்க்க இயலாததே அதற்குக் காரணம். நைஜரின் தெனேரே பாலைவனத்தில் பல நூறு கிலோமீட்டர் சுற்றளவில் வேறு மரமின்றித் தனித்து நின்ற வேலமரம் ஒன்றின் அருகே 1938–39-இல் கிணறு தோண்டப்பட்டபோது, அதன் வேர்கள் முப்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நிலத்தடி நீரைத் தொட்டிருப்பது தெரியவந்தது. அம்மரத்தை 1973-இல் ஒரு லாரி மோதிச் சாய்த்தது. போட்ஸ்வானாவின் கலஹாரியில் ஆழ்துளை தோண்டியபோது போசியா அல்பிட்ரங்கா மரத்தின் வேர் 68 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகிலுள்ள திறந்தவெளிச் சுரங்கத்தில், சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. எல்லா மரங்களும் எப்போதும் ஆழத்திலிருந்தே குடிப்பதில்லை. பல மரங்களுக்கு மேல்மண்ணில் படரும் வேர்த்தொகுதியும் ஆழத்தில் இறங்கும் வேர்களும் ஒருங்கே உண்டு. மழைக்காலத்தில் முதலாவதும் கோடையில் இரண்டாவதும் நீரைத் தருகின்றன.

எந்த வேர் எப்போது வேலை செய்கிறது என்பதைத் தோண்டாமல் அறிய ஐசோடோப்புகள் உதவின. நீரிலுள்ள ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் எடை சற்று மிகுந்த வகைகள் மிகச் சிறு அளவில் கலந்திருக்கின்றன. அவற்றின் விகிதம் ஆற்றுநீர், மேல்மண் ஈரம், ஆழநீர் ஆகியவற்றுக்கு வெவ்வேறாக இருக்கும். வேர் உறிஞ்சும்போது அது பொதுவாக மாறுவதில்லை. ஆகவே கிளையிலுள்ள நீரை ஆராய்ந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அறியலாம். இம்முறையால் டாசனும் எலெரிங்கரும் 1991-இல் அறிவித்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது: வறண்ட யூட்டா மாநிலத்தின் ஓடைக்கரையில் நின்ற முதிர்ந்த மரங்கள் காலடியில் ஓடிய நீரைத் தொடவே இல்லை, அதைக் காட்டிலும் ஆழத்திலிருந்த நீரையே எடுத்தன. ஓடை வற்றக்கூடியது, ஆழநீர் அவ்வளவு எளிதில் வற்றாது என்று கொண்டால் இது புரியும்.

வேர்கள் நீரை எடுப்பவை மட்டுமல்ல, இடம் மாற்றுபவையும் ஆகும். இலைத்துளைகள் மூடியிருக்கும் இரவில், ஈரமான ஆழத்திலிருந்து வேருக்குள் வந்த நீர் உச்சிக்குச் செல்லாமல், மேல்வேர்களின் வழியே காய்ந்த மேல்மண்ணில் கசிகிறது. இதை 1987-இல் யூட்டாவின் ஒரு புதர்ச்செடியில் ரிச்சர்ட்சும் கால்ட்வெல்லும் முதலில் நன்கு காட்டினர். பின்னர், அதன் ஆழ்வேருக்கு அடையாளமிட்ட நீரைக் கொடுத்தபோது, பக்கத்திலிருந்த புல்லின் உடலிலும் அது தென்பட்டது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்படும் சில்வர் ஓக் மரத்தின் வேர்களில் நீரோட்டத்தை அளந்து 1998-இல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது: வறட்சி முடிந்து மேல்மண் நனைந்தவுடன், வேர்கள் அந்த நீரைத் தாமே ஆழத்துக்கு இறக்கின. இதில் மரம் தானாக எதையும் செய்வதில்லை. ஈரமான மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே வேர் திறந்த பாதையாக இருப்பதால் நீர் தன் போக்கில் செல்கிறது.

ஆழவேர் இருந்தால் வறட்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்யவைத்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 எக்டேர் வறள் இலையுதிர்காட்டை வரையறுத்து, அதிலுள்ள மரங்களைத் தொடர்ந்து அளந்துவருகிறது. கருமருதும் வெண்தேக்கும் வெக்காலியும் அங்கே மிகுதி. அந்த நீண்ட காலப் பதிவுகளைக் கொண்டு, நிலத்தின் ஒவ்வொரு ஆழத்திலும் இருபது ஆண்டுகளாக எவ்வளவு நீர் இருந்திருக்கும் என்பதைக் கணித மாதிரியால் மதிப்பிட்டு, பன்னிரண்டு இனங்களின் வளர்ச்சி எந்த ஆழத்து நீரோடு ஒத்துப்போகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அங்கே மண் ஆழமானதல்ல. அதற்குக் கீழே மக்கிய பாறையின் இடுக்குகளில் தங்கும் ஈரமே ஆழவேர் மரங்களின் ஆதாரம். சாதாரண ஆண்டுகளில் மழை குறைந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. மேல்மண்ணை நம்பியவை வாடும்போதும் அவை வளரும். ஆனால் தொடர்ந்து சில ஆண்டுகள் மழை பொய்த்தபோது நிலைமை தலைகீழானது. ஆழத்து நீரை நம்பிய இனங்களிலேயே சாவு மிகுதியாக இருந்தது. மேல்மண் ஒரு நல்ல மழையில் நனைந்துவிடுகிறது. ஆழத்து ஈரமோ, குதிரில் இட்ட நெல்லைப் போல, ஒருமுறை அடிமட்டம் வரை எடுத்தபின் ஓர் அறுவடையில் நிரம்புவதில்லை. மழை திரும்பியும் அந்த ஆழம் நிறைய மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மரங்கள் பட்டுவிட்டன. ஒரே காட்டில், ஒரே மழையின் கீழ், அடுத்தடுத்து நின்ற இரண்டு இனங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வறட்சியை அனுபவித்தன. வானிலை அலுவலகத்தின் மழைமானியைப் பார்த்து ஒரு மரத்தின் நிலையைக் கணிப்பது ஏன் இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இந்தக் கணக்குகள் அனைத்தும் தமிழகத்தில் மிகுதியாக விவாதிக்கப்படும் மரமான சீமைக்கருவேலத்தில் வந்து கூடுகின்றன. மத்திய, தென் அமெரிக்க வறள்நிலங்களின் மரமான அது, 1877-இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகளின் மூலம் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் ஊன்றப்பட்டது. பின்னர் விறகுக்காகப் பரப்பப்பட்டு, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளின் கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்தது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்கு எதிர்ப்பு வளர்ந்தது. அம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று அக்காலத்தில் பரவிய கூற்றுக்கு அடிப்படை இல்லை. வறண்ட காற்று நீரை இழுக்கும் வலிமை 90 மெகாபாஸ்கலைத் தாண்டும் என்று மேலே கூறப்பட்டது. அதிலிருந்து ஈரத்தைப் பறிக்க வேண்டுமானால் இலை அந்தக் காற்றைவிடக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பசிய இலையில் அது நடவாது. நீராவி வெளியே செல்லும், உள்ளே வராது.

அதன் நீர்ச்செலவைப் பற்றி நம்பத்தக்க அளவீடுகள் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலிருந்து 2021-இல் வெளியாயின. தண்டினுள் செல்லும் சாற்றின் வேகத்தை வெப்பத் துடிப்புகளால் அளந்தபோது, ஒரு மரம் நாளொன்றுக்கு 1 முதல் 36 லிட்டர் வரை, சராசரியாக 7 லிட்டர், நீராவியாக வெளியிடுவது தெரிந்தது. ஏழு லிட்டர் என்பது பெரிய அளவே அல்ல. ஆனால் அங்கே அது 11.8 லட்சம் எக்டேரில் பரவி, நெருங்கிய புதர்க்காடாகி, ஆண்டின் பன்னிரண்டு மாதமும் பசுமை மாறாமல் நிற்கிறது. மொத்தச் செலவு ஆண்டுக்கு 310 கோடி முதல் 330 கோடி கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. தனி மரத்தைப் பேராசைக்காரன் என்று ஏசுவதைக் காட்டிலும் அதன் நெருக்கத்தையும் இலையுதிர்க்காத இயல்பையும் நோக்குவதே பொருத்தம். ஒப்பிட்டுப் பார்க்க, அதனுடன் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த வன்னி மரம் தார்ப் பாலைவனத்தில் கோடை வெப்பத்திலேயே தளிர்க்கிறது, அதுவும் ஆழநீரை நாடும் மரமே. எனினும் அங்குள்ள வயல்களில் மரங்கள் இடைவெளியுடன் நிற்க, ஆண்டுதோறும் தழைக்காகக் கிளைகள் கழிக்கப்பட, அவற்றின் அடியில் கம்பு விளைகிறது.

வெட்டுவதனால் மட்டும் சீமைக்கருவேலத்தின் நீர்ச்செலவு முடிந்துவிடுவதில்லை. கரிமூட்டத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தறிக்கப்படும் மரம் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாக மீண்டும் எழுகிறது. விதையிலிருந்து முளைக்கும் கன்று ஆழநீரைத் தொடப் பல ஆண்டுகள் வேரை இறக்க வேண்டும். வெட்டிய கட்டையின் தளிருக்கோ, முழு வளர்ச்சியடைந்த மரத்தின் வேர்த்தொகுதி முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது. கண்மாய்களைத் தூர்வாருவோர் இயந்திரம் கொண்டு அடிக்கட்டையையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்க முயல்வது இதனாலேயே. அவ்வாறு பெயர்த்த இடத்திலும், ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு போடும் விதைகள் அடுத்த மழையில் முளைக்கின்றன.